பழைய கூட்டத்தோடு புதுக்கோழியைச் சேர்ப்பது: எப்போது திறந்துவிடலாம்?

தேவிபட்டினம் கொல்லை:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் கொல்லையில் ஆறு பெட்டையும் ஒரு சேவலும் இருக்கின்றன. எல்லாம் சிறுவிடை என்ற நாட்டுக்கோழி வகை, குஞ்சிலிருந்தே ஒன்றாக வளர்ந்தவை. இப்போது முதுகுளத்தூரிலிருந்து என் நாத்தனார் ஒரு வெடைக்கோழி கொண்டுவந்து தந்திருக்கிறார். செம்மண் நிறம், மஞ்சள் கால். இன்னும் முட்டையிடத் தொடங்கவில்லை, கொண்டை இப்போதுதான் சிவக்கிறது. இப்போதைக்குத் திண்ணைக்குப் பக்கத்தில் பஞ்சாரத்தில் (கோழி அடைக்கும் கூடை) கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

பழைய கூட்டத்தில் கருப்பி என்று ஒருத்தி. தீனி போட்டால் அவள் கொத்திய பிறகுதான் மற்றவை கிட்டே வரும். காலையில் பஞ்சாரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கழுத்து முடியைச் சிலிர்த்துக்கொண்டு சந்து வழியாக மூக்கை நீட்டி உள்ளே கொத்தப் பார்த்தாள். பாவம், உள்ளே இருந்தது ஒரு பக்கமாக ஒடுங்கிப் படுத்துவிட்டது.

மாமியார், "ராத்திரி கூட்டில் தூக்கி வைத்துவிடு, விடிந்தால் எல்லாம் ஒன்றாகிவிடும்" என்கிறார். பக்கத்து வீட்டில், "சும்மா திறந்துவிடு, அடித்துக்கொண்டு சேர்ந்துவிடும்" என்கிறார்கள். எது சரி? ஐப்பசி மழை தொடங்கும் முன்னால் கூட்டில் ஏற்றிவிடப் பார்க்கிறேன்.

உப்பளத்தான், வாலிநோக்கம்:

தங்கச்சி, உங்கள் மாமியார் சொல்வதுதான் எங்கள் பக்கத்து வழக்கமும். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. கூடு அடைந்த பிறகு சத்தமில்லாமல் நடுவில் உட்கார வைத்துவிட்டால் ராத்திரி ஒரு தொந்தரவும் இருக்காது. காலையில் கொஞ்சம் கொத்து விழும். சேவல் இருப்பதால் கவலை வேண்டாம், அது புதுப்பெட்டையை விரட்டாது, இறக்கையைத் தாழ்த்திக்கொண்டு சுற்றி வரும். பெட்டைகள்தான் முறைக்கும். இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும்.

கீழக்கரை காக்கா:

தங்கச்சி, சண்டையைப் பிறகு பேசுவோம். முதலில் அந்தப் பஞ்சாரத்தைத் திண்ணையிலிருந்து தூக்குங்கள். கருப்பி மூக்கை நீட்டும் தூரத்தில் புதுக்கோழி இருக்கவே கூடாது. வீட்டின் மறுபக்கம், காற்று புதுக்கோழியிடமிருந்து பழைய கூட்டத்தின் பக்கம் வீசாத இடமாகப் பாருங்கள். நம் ஊரில் காற்று எந்த மாதம் எந்தத் திசை என்று உங்களுக்கே தெரியும்.

இத்தனை வருடம் வளர்த்ததில் நான் உறுதியாகச் சொல்வேன்: கொத்துப்பட்டுச் செத்த கோழி மிகக் குறைவு. புதுக்கோழியைச் சேர்க்கும்போது இரண்டு காரியம்தான் கோழியைக் கொல்லும். ஒன்று, அது சுமந்துவரும் நோய். அது வந்தால் புதுக்கோழியோடு நிற்காது, கொல்லையே காலியாகிவிடும். இன்னொன்று, தண்ணீர். அதைப் பிறகு விரிவாக எழுதுகிறேன்.

வெள்ளைக்கழிச்சல் உள்ள ஊரிலிருந்து வந்த கோழி முதல் சில நாள் நன்றாகத்தான் இருக்கும். தின்னும், கொக்கரிக்கும். உள்ளே நோய் வளர்ந்துகொண்டிருக்கும். உப்பளத்தான் தம்பி சொல்கிற ராத்திரி முறையில் நான் குறை சொல்ல மாட்டேன், ஆனால் வந்த அன்றே அதைச் செய்வது தப்பு.

ஓய்வு ஆய்வாளர், திருப்பாலைக்குடி:

காக்கா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். கால்நடைத் துறையில் வேலை பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

வெள்ளைக்கழிச்சல் என்பது ராணிக்கெட் நோய். அது வைரஸ். உடம்பில் புகுந்து அறிகுறி தெரிய 2 நாளும் ஆகலாம், 15 நாளும் ஆகலாம். பெரும்பாலும் ஐந்தாறு நாள். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும், இறக்கை தொங்கும். தப்பிப் பிழைத்தால் கழுத்து முறுக்கிக்கொள்ளும். வந்த பிறகு குணப்படுத்தும் மருந்து கிடையாது. அதனால்தான் குறைந்தது இரண்டு வாரம் தனியாக வைக்கச் சொல்கிறோம். மூன்று நான்கு வாரம் வைத்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் சளி, குடற்புழு, செள்ளு எல்லாம் அதற்குள் வெளியே தெரிந்துவிடும்.

இந்த நாட்களில் கோழியைக் கையில் எடுத்துப் பாருங்கள். கண்ணில் நுரை, மூக்கில் சளி இருக்கிறதா? மூக்கை லேசாக அழுத்தினால் நாற்றமடிக்கிறதா? வால் அடியில் முடி எச்சத்தில் ஒட்டியிருக்கிறதா? இறக்கைக்கு அடியிலும் ஆசனவாயைச் சுற்றியும் முடியை விலக்கிப் பார்த்தால் செள்ளும் பேனும் ஓடுவது தெரியும். காலில் செதில் தூக்கிக்கொண்டு சுண்ணாம்பு அப்பியதுபோல் இருந்தால் அதுவும் ஒரு பூச்சிதான். தேங்காயெண்ணெயோ வேப்பெண்ணெயோ சில வாரம் தடவிவந்தால் போகும். பூச்சிக்கு மாத்திரை, மருந்து எல்லாம் எடையைப் பார்த்துக் கால்நடை மருந்தகத்தில் கேட்டுக் கொடுங்கள்.

தினமும் பழைய கூட்டத்துக்கு முதலில் தீனி வையுங்கள், புதியதைக் கடைசியில் பாருங்கள். திரும்பும்போது கை, கால், செருப்பைக் கழுவுங்கள். தண்ணீர்ச் சட்டியைப் பொதுவாக வைக்க வேண்டாம்.

உங்கள் பழைய கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போட்டிருக்கிறதா? முறை இதுதான்: குஞ்சில் ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டு வாரம் ஆனதும் இறக்கைப் பக்கம் தோலுக்கு அடியில் ஊசி. அரசு முகாம் பெரும்பாலும் பிப்ரவரியில் ஊர் ஊராக நடக்கும், இலவசம். முகாம் வரை காத்திருக்க முடியாதவர்கள் மருந்தகத்தில் கேளுங்கள். ஊசி போட்ட மறுநாளே பாதுகாப்பு வந்துவிடாது, அதற்கும் இரண்டு வாரம் போல ஆகும். ஆகவே தனியாக வைத்திருக்கும் காலத்தின் தொடக்கத்திலேயே போட்டுவிடுங்கள். சோர்ந்திருக்கும் கோழிக்கு மட்டும் போடக் கூடாது.

தேவிபட்டினம் கொல்லை:

பஞ்சாரத்தைக் கிணற்றடிக்கு அப்பால் மாற்றிவிட்டேன். காற்று எங்கள் பழைய கூட்டிலிருந்து அந்தப் பக்கம்தான் போகிறது. பழையவற்றுக்கு முகாமில் போட்டது. இதற்குப் போட்டதா என்று நாத்தனாரிடம் கேட்டேன், தெரியவில்லை என்கிறார். மருந்தகத்துக்குக் கொண்டுபோகிறேன். ரொம்ப நன்றி சார், நன்றி காக்கா.

கீழாநெல்லி, சீரகம், மிளகு, மஞ்சள், பூண்டு, சின்ன வெங்காயம் அரைத்துக் கொடுத்தால் ஊசியே வேண்டாம் என்று ஒருவர் சொன்னார். அப்படியா?

ஓய்வு ஆய்வாளர், திருப்பாலைக்குடி:

கொடுங்கள் அம்மா, உடம்புக்கு நல்லதுதான். அரைத்து உருட்டித் தீனியோடு கொடுக்கலாம். ஆனால் அது ஊசிக்குப் பதில் ஆகாது. இரண்டும் செய்யுங்கள்.

தங்கச்சிமடம் தம்பி:

அக்கா, தனியாக வைக்கும் காலம் முடிந்ததும் நேராகத் திறந்துவிட வேண்டாம். நடுவில் ஒரு படி இருக்கிறது. ஒன்றையொன்று பார்க்க வேண்டும், தொடக் கூடாது.

எங்கள் வீட்டில் பழைய மீன்வலையைத்தான் இதற்குப் பயன்படுத்துகிறோம். பழைய கோழிகள் மேயும் இடத்தில் ஒரு மூலையை வலையால் தடுத்து, புதுக்கோழியை உள்ளே விட்டுவிட வேண்டும். வலைக்கு இந்தப் பக்கம் பழையவற்றுக்குத் தீனி, அந்தப் பக்கம் புதியதற்குத் தீனி, இரண்டும் அருகருகே. முதல் நாள் வலையில் வந்து மோதும். அப்புறம் மோதுவது குறையும். ஒரு வாரம் பத்து நாளில் இரண்டு பக்கமும் தலையைத் தூக்காமல் தின்னும். அதுதான் அடையாளம். நாளைக் கணக்கு வைக்காதீர்கள், தலையைப் பாருங்கள்.

வலை கட்டும்போது ஒன்று கவனம். மெல்லிய நரம்பு (நைலான் இழை) வலை வேண்டாம். கோழி கால் விரலில் நரம்பு சுற்றினால் கண்ணுக்கே தெரியாது. இரண்டு நாளில் விரல் வீங்கிக் கறுத்துவிடும், அப்புறம் விரல் போய்விடும். தடித்த நூல் வலை, கண்ணி சின்னது, அடியில் இழுத்துக் கட்டி மண்ணைத் தள்ளிவிட வேண்டும். தொய்வாக விட்டால் பாம்பும் வந்து மாட்டும். தொங்கும் நுனிகளை எல்லாம் வெட்டிவிடுங்கள்.

முடிந்தால் நாத்தனாரிடம் அதே கூட்டத்திலிருந்து இன்னொரு வெடையும் கேளுங்கள். ஒன்றாகச் சேர்ப்பதைவிட இரண்டாகச் சேர்ப்பது எப்போதும் எளிது. கொத்து இரண்டுக்கும் பங்காகும், ஒதுங்கி நிற்கும்போது துணையும் இருக்கும்.

உப்பளத்தான், வாலிநோக்கம்:

ஒரு கோழிக்கு இவ்வளவா? எங்கள் அப்பத்தா காலத்தில் சந்தையில் வாங்கி வந்து கூட்டில் போட்டதோடு சரி. சண்டையெல்லாம் இரண்டு நாள் கூத்துதான். வலை, தடுப்பு, இரண்டு தீனி என்று சொன்னால் புதிதாக வளர்க்க வருகிறவர்கள் பயந்துவிட மாட்டார்களா? நோய்க்காகத் தனியாக வைப்பதை ஒப்புக்கொள்கிறேன், அது சரி. மற்றது அதிகம் என்று நினைக்கிறேன்.

பாம்பன் டீச்சர்:

அண்ணே, உங்கள் அப்பத்தா காலத்தில் கோழி ஊரெல்லாம் மேய்ந்தது. அடிபட்டால் ஓடிப்போய் அடுத்த தெருவில் நிற்க இடம் இருந்தது. இப்போது சுற்றுச்சுவரும் கேட்டும் வந்துவிட்டன. ஓட இடமில்லாத இடத்தில்தான் கொத்து காயமாகிறது. அதனால்தான் தடுப்பு தேவைப்படுகிறது.

ஏன் கொத்துகின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோழிக்கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டு. தோர்லெய்ஃப் ஷெல்டெருப்-எப்பே என்ற நார்வேக்காரர் சிறுவயதிலிருந்தே கோழிகளைக் கவனித்துக் குறித்துவைத்து, 1922-ல் இதைப் பற்றி எழுதினார். முதல் கோழி எல்லாவற்றையும் கொத்தலாம், இரண்டாவது முதலாவதைத் தவிர மற்றவற்றைக் கொத்தலாம், இப்படியே கடைசிவரை. வரிசை உறுதியாக இருக்கும்வரை கூட்டம் அமைதியாக இருக்கும். ஒரு பார்வை போதும், கீழே இருப்பது விலகிவிடும்.

புதுக்கோழி வந்தால் அதற்கு அந்த வரிசையில் இடமில்லை. ஆறு பெட்டை இருந்தால் ஆறோடும் அது தனித்தனியாகத் தீர்த்துக்கொள்ள வேண்டும். கருப்பியோடு மட்டும் முடிகிற காரியம் இல்லை. பெரும்பாலும் கடுமையாகக் கொத்துவது முதலாவதும் அல்ல, கடைசியில் இருப்பதுதான். இதுவரை அதற்குக் கீழே யாரும் இல்லை, இப்போது ஒருத்தி வந்திருக்கிறாள். உங்கள் கூட்டத்தில் கடைசியாகத் தின்பது எது என்று இப்போதே பார்த்து வையுங்கள்.

கோழி கோழியை அடையாளம் காண்பது பெரும்பாலும் தலையையும் கொண்டையையும் வைத்துத்தான். அதனால் வலைக்குப் பின்னால் நின்று பார்க்கும் நாட்கள் வீண் அல்ல. அந்த முகம் பழகிவிடுகிறது. ராத்திரி வைப்பதால் மட்டும் அது நடக்காது. விடிந்ததும் தெரியாத முகம் ஒன்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கும், அதுவும் கூட்டுக்குள், ஓட வழியில்லாத இடத்தில்.

உங்கள் கோழி இன்னும் முட்டையிடவில்லை என்பது நல்லதுதான். வெடை பெரும்பாலும் எதிர்த்து நிற்காது, பணிந்துபோகும். முட்டையிட்டுப் பழகிய பெரிய பெட்டை என்றால் சண்டை நீளும். இடம் மாறியதில் வெடை முட்டை தொடங்குவது சில வாரம் தள்ளிப்போகலாம். பழையவற்றில் ஒன்றிரண்டும் கொஞ்ச நாள் நிறுத்தலாம். அதற்காக மருந்து தேடி அலைய வேண்டாம்.

தேவிபட்டினம் கொல்லை:

டீச்சர், நீங்கள் சொன்ன பிறகு கவனித்தேன். கடைசியில் தின்பது சாம்பல் நிறத்துக்காரி. இவ்வளவு நாளாக அவளைச் சாது என்றே நினைத்திருந்தேன்.

இன்னொரு வெடைக்கு நாத்தனாரிடம் சொல்லியிருக்கிறேன், கிடைக்கும்போல் தெரியவில்லை. காக்கா, தண்ணீர் பற்றி எழுதுவதாகச் சொன்னீர்களே? எங்கள் கிணறு உப்பு. குடிதண்ணீர் குடத்தில்தான் வாங்குகிறோம். கோழிக்கு ஒரு மண்சட்டியில் வைப்பேன், கூட்டு வாசலுக்குப் பக்கத்தில். தீனிக்குக் குருணை, கம்பு, தவிடு, அப்புறம் வீட்டில் ஆய்ந்த மீன் கழிவும் கருவாட்டுத் தலையும்.

கீழக்கரை காக்கா:

தங்கச்சி, இதைத்தான் எழுத நினைத்தேன்.

ஒரு சட்டி, அதுவும் கூட்டு வாசலில். இந்த ஏற்பாட்டில் புதுக்கோழிக்குத் தண்ணீர் கிடைக்காது. ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். கருப்பி சட்டிப் பக்கம் நிற்கக்கூட வேண்டாம், பத்தடி தள்ளி நின்று தலையைத் தூக்கினாலே போதும், புதியது குனிந்த தலையை எடுத்துக்கொண்டு ஓடிவிடும். நமக்குச் சண்டையே தெரியாது. எல்லாம் அமைதி என்று நினைப்போம். மத்தியானம் புதுக்கோழி வேலியோரம் வாயைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். கோழிக்கு வேர்வை கிடையாது, மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கும், அதற்குத் தண்ணீர் வேண்டும். சாதாரண நாளில் தீனியின் எடையைப் போல இரண்டு மடங்கு குடிக்கும். நம் பங்குனி, சித்திரை வெயிலில் அதைப்போல இன்னொரு மடங்கும் போகும்.

இதோடு கருவாட்டுத் தலையையும் சேர்த்துப் பாருங்கள். உப்பைக் கோழியின் உடம்பு அதிகம் தாங்காது. தண்ணீர் தாராளமாக இருந்தால் ஓரளவு கழித்துவிடும். தண்ணீர் இல்லாமல் உப்பு மட்டும் உள்ளே போனால் அது விஷம்தான். தண்ணீராய்க் கழியும், தள்ளாடும், கால் இழுக்கும். இதைப் பார்த்துவிட்டு வெள்ளைக்கழிச்சல் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. கொத்துப்பட்டு வாசலுக்கு வர முடியாத கோழி, சிதறிக் கிடக்கும் கருவாட்டுத் துண்டை மட்டும் தின்றுவிட்டுக் கிடந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். கடலில்லாத உள்நாட்டு ஊர்க்காரர்களைவிடக் கடற்கரை ஊரில் இருக்கும் நமக்கு இந்த ஆபத்து அதிகம். பச்சை மீன் கழிவு கொஞ்சம் கொடுங்கள், நல்ல சத்து. வேக வைத்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. கருவாட்டை நிறுத்துங்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் நன்றாக ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கொடுங்கள். கிணற்று உப்புத் தண்ணீரும் வேண்டாம், குடிக்கிற தண்ணீரையே வையுங்கள்.

சட்டி மூன்று வையுங்கள். ஒன்று இப்போது இருக்கும் இடத்தில். இன்னொன்று கொல்லையின் மறுகோடியில். மூன்றாவது, இந்த இரண்டு இடத்திலிருந்தும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஒரு செடி மறைவிலோ சுவர் திருப்பத்திலோ. கருப்பி ஒரே நேரத்தில் மூன்றையும் காவல் காக்க முடியாது. எல்லாம் நிழலில் இருக்கட்டும். தீனியையும் ஒரே தட்டில் வைக்காமல் கொல்லை முழுக்க வீசிவிடுங்கள்.

ஒளிந்துகொள்ளவும் இடம் வேண்டும். இரண்டு பனையோலையைச் சுவரில் சாய்த்து வையுங்கள், இரண்டு பக்கமும் திறந்திருக்கட்டும். ஒரு பக்கம் அடைத்த மறைவில் துரத்திக்கொண்டு போனால் அது மாட்டிக்கொள்ளும்.

முட்டையோட்டுக்குக் கிளிஞ்சல் இடித்துப் போடுங்கள், கழுவி உப்பைப் போக்கிவிட்டு. கரையில் ஒதுங்கும் பவளத் துண்டுகளைச் சிலர் எடுத்து இடிக்கிறார்கள். அது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அதைத் தொடவே வேண்டாம்.

உப்பளத்தான், வாலிநோக்கம்:

காக்கா, தண்ணீர்ச் சட்டி விஷயம் நூற்றுக்கு நூறு. உப்பள வேலைக்குப் போய்விட்டு மத்தியானம் வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில்தான் இது நடக்கும், யாருக்கும் தெரியாது. எங்கள் கொல்லையில் நாளைக்கே இரண்டு சட்டி கூடப் போடுகிறேன்.

மண்டபம் அக்கா:

எல்லாரும் நன்றாகச் சொல்லிவிட்டீர்கள். திறந்துவிடும் நாளைப் பற்றி மட்டும் நான் சேர்க்கிறேன்.

காலையில் திறக்காதீர்கள். காலையில் எல்லாம் பசியோடு இருக்கும், அப்போதுதான் கோபம் அதிகம். சாயங்காலம், அடைவதற்கு ஒரு மணி நேரம் முன்னால், வயிறு நிறைந்த பிறகு திறந்துவிடுங்கள். அதுவும் கூட்டுக்குள் வேண்டாம், வெளியில், அகலமான இடத்தில். கீரையோ முருங்கைத் தழையோ கொத்தாகக் கட்டி இரண்டு மூன்று இடத்தில் தொங்கவிட்டால் எல்லாம் அதைக் கொத்துவதில் இறங்கிவிடும். நீங்கள் பக்கத்திலேயே இருங்கள்.

நெஞ்சை நிமிர்த்தி நிற்பது, ஒரு கொத்துக் கொத்தி விரட்டுவது, கொஞ்ச தூரம் துரத்துவது, இதிலெல்லாம் தலையிடாதீர்கள். நீங்கள் பிரித்துவிட்டால் மறுநாள் முதலிலிருந்து தொடங்கும். கீழே போட்டு மேலே ஏறி நின்று தலையிலேயே தொடர்ந்து கொத்தினால், அல்லது இரண்டு மூன்று சேர்ந்து ஒன்றை வளைத்தால், உடனே எடுத்துவிடுங்கள். ரத்தம் தெரிந்தாலும் அப்படித்தான். சிவப்பைப் பார்த்தால் எல்லாக் கோழியும் அங்கேயே கொத்தும், அதுவரை சும்மா இருந்ததும் சேர்ந்துகொள்ளும். காயத்தைச் சுத்தம் செய்து மஞ்சள்தூளை வேப்பெண்ணெயில் குழைத்துப் பூசுங்கள். காயமும் ஆறும், சிவப்பும் மறையும், கசப்பில் கொத்தவும் தோன்றாது. ஆறும்வரை வலைக்குள் வையுங்கள், மற்றவை பார்க்கும்படியாக. கண்ணுக்கு மறைத்துவிட்டால் திரும்பவும் புதுக்கோழி ஆகிவிடும்.

ஒருத்தி மட்டும் விடாமல் அடித்தால், புதியதை அடைக்காமல் அடிக்கிறவளைப் பிடித்து அடையுங்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சில நாள் பஞ்சாரத்தில் இருக்கட்டும். அவள் திரும்பி வரும்போது அவள் இடம் கொஞ்சம் இறங்கியிருக்கும். புதியதும் அதற்குள் மற்றவற்றோடு பழகியிருக்கும்.

கூட்டையும் பாருங்கள். உள்ளே ஒரு கோழிக்கு இரண்டு சதுர அடியாவது வேண்டும். உட்காரும் கம்பில் ஒன்றுக்கு ஒரு சாண் இடம். ஏழு பெட்டையும் ஒரு சேவலும் என்றால் எட்டுச் சாண் நீளம் கம்பு இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். இல்லை என்றால் மழைக்கு முன்னால் பூவரசுக் கம்பு இன்னொன்று போட்டுவிடுங்கள். மழை நாளில் பகலெல்லாம் கூட்டுக்குள்ளேயே நெருக்கிக்கொண்டிருந்தால் அடங்கிய சண்டையும் கிளம்பும். தரை ஈரமானால் ரத்தக்கழிச்சலும் வரும்.

தேவிபட்டினம் கொல்லை:

எல்லாருக்கும் நிலவரம் சொல்ல வேண்டும். ஊசி போட்டாகிவிட்டது, தனியாக வைத்த காலம் முடிந்து வலைக்குள்ளும் இருந்தது. இறக்கைக்கு அடியில் செள்ளு இருந்தது, மருந்தகத்தில் கொடுத்த மருந்தில் போய்விட்டது. சாயங்காலமாகத் திறந்துவிட்டேன்.

கருப்பி ஒரே ஒரு முறை நெஞ்சால் இடித்தாள். செம்மி (இப்படித்தான் கூப்பிடுகிறோம்) தலையைத் தாழ்த்தி விலகிவிட்டது, அதோடு கருப்பி கீரைக்குப் போய்விட்டாள். டீச்சர் சொன்னதுபோலத்தான், சாம்பல்காரி விடவில்லை. எங்கே போனாலும் பின்னாலேயே போய் வால் பக்கம் முடியைப் பிடித்து இழுக்கிறாள். அவளைப் பஞ்சாரத்தில் போட்டு வைத்திருக்கிறேன்.

தண்ணீர் பற்றி: வாசல் சட்டிப் பக்கம் செம்மி இன்னும் வருவதே இல்லை. துவைக்கிற கல்லுக்குப் பின்னால் வைத்த சட்டியில்தான் குடிக்கிறது. ஒவ்வொரு வாய்க்கும் தலையைத் தூக்கி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வாய். அந்தச் சட்டி இல்லை என்றால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் பயமாக இருக்கிறது.

இப்போது புதுப் பிரச்சினை. அடையும் நேரத்தில் கூட்டுக்குள் வர மாட்டேன் என்கிறது. முருங்கை மரத்தில் ஏறி உட்கார்ந்துவிடுகிறது. இங்கே காட்டுப்பூனை வரும். மழையும் வரப்போகிறது.

மண்டபம் அக்கா:

அதற்குத்தான் உப்பளத்தான் அண்ணன் சொன்ன ராத்திரி முறை. அவர் சொன்னது தப்பில்லை, அதற்கு நேரம் இதுதான். நன்றாக இருட்டிய பிறகு மரத்திலிருந்து மெதுவாக இறக்கிக் கம்பில் ஓரமாக உட்கார வையுங்கள். சேவல் பக்கத்தில் வைத்தால் நல்லது. பகலில் முகம் பழகிவிட்டதால் விடியும்போது பெரிய கலவரம் இருக்காது. ஆனால் விடிந்ததும் உடனே கூட்டைத் திறந்துவிட வேண்டும். முதல் வாரம் இதில் தூங்கிவிடாதீர்கள், உள்ளே அடைபட்டிருக்கும் நேரத்தில்தான் கொத்து விழும். தினமும் விடாமல் வைத்துவந்தால் தானாக ஏறப் பழகிவிடும்.

உப்பளத்தான், வாலிநோக்கம்:

மரத்தின் அடிமரத்தில் ஒரு பழைய தகரத்தைச் சுற்றிக் கட்டிவிடுங்கள் தங்கச்சி. பூனை ஏற முடியாது. கோழி பறந்து ஏறும் கிளை எது என்று பார்த்து அதையும் கழித்துவிடுங்கள். மேலே இடமில்லை என்றால் கூட்டுக்குத்தான் வரும்.

பெரியபட்டினம் புதுசு:

இதே இழையில் கேட்கலாமா? வீட்டில் நாட்டுக்கோழி ஒன்று குஞ்சுகளோடு இருக்கிறது, குஞ்சு பொரித்துச் சில நாள்தான் ஆகிறது. வாப்பா வனராஜா என்ற ரகக் கோழிக்குஞ்சு வாங்கிவந்திருக்கிறார்கள், அவை ஒரு மாதக் குஞ்சுகள். தாயோடு சேர்த்து விட்டால் அதுவே வளர்த்துவிடுமா?

கீழக்கரை காக்கா:

சேர்க்காதீர்கள் தம்பி. தாய்க்கோழி வேறு குஞ்சை ஏற்கும் என்றால் அது பொரித்த முதல் ஒன்றிரண்டு நாளுக்குள்தான், அதுவும் தன் குஞ்சின் வயதிலேயே இருந்தால், ராத்திரி அடியில் வைத்தால். ஒரு மாதக் குஞ்சைத் தன் குஞ்சுக்கு வந்த எதிரியாகத்தான் பார்க்கும். மண்டையிலேயே கொத்தும். குஞ்சுக்கு அது ஒரு கொத்து போதும்.

இவை மூன்று நான்கு மாதம் ஆகி உடம்பு ஏறக்குறைய பெரிய கோழி அளவுக்கு வரும்வரை தனிக் கூட்டம்தான். வாங்கிவந்த குஞ்சு என்பதால் மேலே சார் எழுதியிருக்கிற தனியாக வைக்கும் முறையும் ஊசியும் இதற்கும் உண்டு. சொட்டு மருந்து விட்டாயிற்றா என்று விற்றவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எட்டு வாரத்து ஊசியை விட்டுவிடாதீர்கள்.

தனியாக வைக்கும் காலம் முடிந்து, அவை பெரிதாகும் முன்பே பழக்குவதற்காகக் கொஞ்ச நேரம் ஒரே கொல்லையில் விடுவதானால், பஞ்சாரத்தை நாலு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். சின்னதுகள் குனிந்து உள்ளே போகும் உயரம், பெரியது நுழைய முடியாத உயரம். அதற்குள்ளே ஒரு தண்ணீர்ச் சட்டியும் தீனியும். துரத்தினால் ஓடி உள்ளே போய்விடும், அங்கேயே குடிக்கும். வளர வளரச் செங்கல்லை உயர்த்திக்கொண்டே வாருங்கள். பக்கத்தில் யாராவது இருக்கும் நேரமாகப் பார்த்துச் சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும் விட்டுத் தொடங்குங்கள்.

பெரியபட்டினம் புதுசு:

சரி காக்கா. சொட்டு மருந்து விடவில்லை என்று இப்போதுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு மாதம் ஆகிவிட்டதே, இனி விடலாமா?

ஓய்வு ஆய்வாளர், திருப்பாலைக்குடி:

விடலாம் தம்பி, தாமதமானாலும் விட வேண்டும். நாளைக் காலையிலேயே மருந்தகத்துக்குப் போங்கள், வயதைச் சொல்லுங்கள், அதற்கேற்ப அவர்கள் முடிவு செய்வார்கள். மருந்தைக் கையில் கொடுத்தால் ஐஸ் வைத்த பிளாஸ்கில்தான் கொண்டுவர வேண்டும், வெயில் பட்டால் வேலை செய்யாது. கலக்கிய மருந்தை ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் விட்டு முடித்துவிடுங்கள். ஏதாவது குஞ்சு சோர்ந்திருந்தால் அதை மட்டும் தனியே எடுத்து வைத்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். போக முடியாத நிலை என்றால் 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.